உள்ள போகுமுன்ன வெளிய வாற வழியப் பாரும்வே

வாரும் மருமவனே. கம்ப்யூட்டர் சென்டர் ஆளுவ எல்லாரும் சேந்து வேலை பாக்கதுக்கு ஆன்லைன்ல ஒரு சாப்ட்வேர் எடுக்கப் போறீங்களாமே? யுனிவர்சிட்டியில கமிட்டி கூடப் போட்டாச்சாம். பேஷ். டீன் இருக்காரு, நிதி அலுவலர் இருக்காரு, நூலகர் இருக்காரு. ராத்திரி பதினோரு மணிக்கு சர்வர் படுத்தா எந்திரிச்சு ஓடுத பையன் மட்டும் கமிட்டில இல்லையாம். அதும் நல்லதுக்குத்தான். அவன் இருந்தா உபயோகமா ஏதாவது பேசித் தொலைப்பான்.

எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுவே. ஸ்டோர் செக்ஷன்ல ரிட்டயரான ஆளு, கொட்டேஷன் தெரியும். விக்க வந்தவன் டெமோ காட்டும்போது ஓடாத சாமானை நான் பாத்ததே இல்ல. அவன் லேப்டாப்பு, அவன் இன்டர்நெட்டு, அவனே டைப் அடிச்சு வச்ச நாலு பேரு. ஓடாம என்ன செய்யும்? மத்தியானம் கரண்ட் போய் வந்த பிறகு உங்க எக்ஸாம் செக்ஷன் கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டச் சொல்லும். முகம் போற போக்கைப் பாக்கலாம்.

இப்ப உங்க வேலை எதுல நடக்கு? வாட்ஸ்அப்ல. சர்வர் பாஸ்வேர்டு குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கும் ஜோசியத்துக்கும் நடுவுல கிடக்கு. குரூப் அட்மின் ரிட்டயராகிப் பேரனைப் பாக்கப் போயிட்டாரு. யுனிவர்சிட்டி சமாச்சாரம் பூராவும் அவரு சட்டைப் பையில இருக்கு. இதை மாத்தணும்னு நினைக்கீரே, அந்த மட்டுக்கும் உமக்குப் புத்தி இருக்கு.

இலவசமாக் கிடைக்குங்கீரு. கூகிள் கல்வி நிலையங்களுக்கு அளவே இல்லாம இடம் குடுத்தான். நம்ம பேராசிரியருவ சும்மா இருப்பாங்களா? மக கல்யாண வீடியோவை முழுசா ஏத்தி வச்சாங்க. 2021-ல அறிவிச்சு, 2022 ஜூலைலேருந்து ஒரு நிறுவனத்துக்கு மொத்தமே 100 டெராபைட்டுதான்னுட்டான். வாத்தியாரு, படிக்கவன், ஆபீசு எல்லாருக்கும் சேத்து. யாரு வீட்டுக் கல்யாணம்னு கண்டுபிடிச்சு, கெஞ்சிக் கூத்தாடி அழிக்க வைக்கதே உம்மைப் போல ஆளுவளுக்கு உத்தியோகமாப் போச்சு.

ஸ்லாக்குனு ஒண்ணு. ஒரு கேம் செய்யப் புறப்பட்ட கம்பெனி. கேம் ஓடல, தங்களுக்குள்ள பேசிக்கிட செஞ்சது ஓடிருச்சு. 2013-ல கடை விரிச்சான். 2022-லேருந்து, இலவசக் கணக்குன்னா 90 நாளைக்கு முந்திப் பேசினது கண்ணுல படாதுன்னான். மருமவனே, உங்க யுனிவர்சிட்டில 90 நாளைக்குள்ள முடிஞ்ச காரியம் ஒண்ணு சொல்லும். பதிவாளர் மேசையை ஒரு ஃபைல் தாண்டுததுக்குள்ள, அந்த ஃபைலை எதுக்கு அனுப்புனோம்ங்கதே மறைஞ்சு போயிருக்கும்.

காசு குடுத்து எடுத்தா நிக்கும்ங்கீரா? ஹிப்சாட்டுன்னு ஒரு பேச்சு சாப்ட்வேர், அதையும் காசுக்கு வித்தாங்க. அட்லாசியன்காரன் 2018-ல அதைப் போட்டிக்கார ஸ்லாக்குக்கே குடுத்துட்டு, மறு வருஷம் பிப்ரவரில சாத்திட்டான். மைக்ரோசாப்ட் 2011-ல ஸ்கைப்பை 850 கோடி டாலருக்கு வாங்கி, 2025 மே மாசம் மூடிட்டு, எல்லாரும் டீம்ஸுக்குப் போங்கன்னுட்டான். அத்தனை கோடி போட்டவனே வேண்டாம்னு விட்டுட்டான். உம்ம மூணு வருஷ லைசென்ஸை நம்பி எவன் வே கடையைத் தொறந்து வச்சிருப்பான்?

அப்ப நாமளே சொந்தமா வச்சிக்கிடுவோம்னு ராத்திரி ஓடுத அந்தப் பையன் சொல்லுவான். நல்ல ரோசம்தான். சாமானுக்குக் குறைச்சல் இல்ல. ஃபைலுக்கு நெக்ஸ்ட்கிளவுட், பேசதுக்கு மேட்டர்மோஸ்ட், சூலிப், குறிப்பு எழுதி வைக்க விக்கிப்பீடியாவை ஓட்டுத அதே மீடியாவிக்கி. வீடியோ மீட்டிங்குக்கு பிக்புளூபட்டன், அது கனடாவுல கார்ல்டன் யுனிவர்சிட்டில பிறந்தது. ஆன்லைன்ல பாடம் நடத்துத மூடிலை எழுத ஆரம்பிச்ச மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவுல கர்டின் யுனிவர்சிட்டில உம்ம மாதிரியே சிஸ்டம் பாத்துக்கிட்டிருந்த மனுசன்தான். அவரு செஞ்சது உமக்கும் வரும். ஆனா நிறுவுத அன்னைக்கு இருக்க கூட்டம் அப்டேட் போடுத அன்னைக்கு இருக்காது. ரெண்டு பேருக்காவது வேலை தெரியணும். ஒருத்தனை மட்டும் நம்புனா, அவன் பெங்களூருக்கு பஸ் ஏறுத அன்னைக்கு உம்ம சாப்ட்வேரும் கூடவே ஏறிரும்.

இன்னொண்ணு. சர்வர் விழுந்தா எப்படி எழுப்பணும்னு எழுதுன குறிப்பை அதே சர்வர்லயே ஏத்தி வைக்காதீரும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுன கதையாயிரும். ரிசல்ட் விடுத அன்னைக்குத்தான் அது வெளிச்சத்துக்கு வரும். ஒரு பிரதி வெளியூர் சர்வர்ல, ஒரு பிரதி காயிதத்துல. சிரிக்காதீரும், காயிதத்துக்கு லாகின் கிடையாது.

தென்காசிப் பக்கம் நம்ம மத்தளம்பாறையில ஜோஹோ இருக்கே, அதை எடுத்தா என்னங்கீரு. எடும். ஊர்க்காரன்ங்கதுக்காக எடுக்காதீரும், ஊர்க்காரன்ங்கதுக்காகத் தள்ளவும் செய்யாதீரும். எல்லாரையும் கேக்க ஒரு கேள்வியை அவனையும் கேட்டுட்டு எடும்.

என்ன கேள்வியா? "நாளைக்கு நான் உன்னைவிட்டுப் போறேன்னா, என் சாமான் பூராவையும் எந்த உருவத்துல, எத்தனை நாள்ல தருவே?" பேச்சு, ஃபைலு, யாரு எப்பச் சொன்னாங்கங்க விவரம் எல்லாம் வரணும். பி.டி.எஃப். கட்டாத் தாறேன்னா ஒத்துக்கிடாதீரும். வேற எதுலயும் அதை ஏத்த முடியாது. டெண்டர்லயே இதை ஒரு நிபந்தனையா எழுதிப்போடும். குறைஞ்ச விலை போட்ட எல்-1 எவனோ அவனுக்குத்தான் ஆர்டர் போவும்னு தெரியும்லா? நிபந்தனையில இல்லாததை எல்-1 காரன் கனவுலயும் தரமாட்டான். ட்ரையல் மாசத்துலயே உள்ள போட்டதை வெளிய எடுத்து, இன்னொண்ணுல ஏத்திப் பாத்திரும்.

அந்த ட்ரையலையும் ஆர்வக்கோளாறு பையனுவ கையில குடுக்காதீரும். அவனுவ எதையும் மெச்சுவானுவ. ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் இருக்க, எல்லாத்துக்கும் போனை எடுக்க உங்க சீனியர்ட்ட குடும். அவரு ஒரு மாசம் திட்டிக்கிட்டே தொடர்ந்து தொறந்தாருன்னா சாமான் தேறும். "நான் வாட்ஸ்அப்ல போட்டுட்டேனே"ன்னாருன்னா விலை எம்புட்டுக் குறைஞ்சாலும் வேண்டாம்.

வெளிய வாற வழியைக் கேட்டா, விக்க வந்த டை கட்டுன தம்பி, "அதை அப்புறம் பாத்துக்கிடலாம் சார்"ம்பான். அப்புறம்னா எப்பன்னு தெரியும்லா? அவன் வேற கம்பெனிக்குப் போன அப்புறம்.