விஞ்சுக்கு யார் சோறு போடுவது?

கடலுக்குள் போய்விட்டால் ஃபைபர் போட்டை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். கரைக்கு வந்துவிட்டால் ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலூருக்குத் தெற்கே எங்கள் மச்சான் குப்பத்தில் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது, வெறும் மணல்தான். எட்டுப் பேர் தோள் கொடுத்து ‘ஐலசா’ போட்டால் போட் அங்குலம் அங்குலமாக மேடேறும். இப்போது எட்டுப் பேருக்கு எங்கே போவது? இளவட்டங்களில் பாதி சிங்கப்பூரில். மீதிப் பேர் டீ குடித்து, வடை தின்ற பிறகுதான் தோளையே காட்டுவார்கள். டிராக்டர் வாடகை இன்னும் மோசம்.

“கரண்ட்ல இழுத்துரலாம் மாப்ளே” என்று மச்சான் வடம் சுற்றி இழுக்கும் ஒரு விஞ்சை வாங்கிவந்து இறக்கினார். ஜீப்பின் மூக்கில் மாட்டும் 12 வோல்ட் வகை. ஃப்யூஸ் கட்டத் தெரிந்த ஒரே உறவுக்காரன் என்பதால் எனக்கு ஆள் வந்தது.

வலை பின்னும் கூடத்தில் ஊரே கூடி யோசனை சொன்னது. “கம்பத்துல கொக்கி போட்டா முடிஞ்சது” என்றார் ஒரு பெரியவர். உப்புத்தண்ணீர் ஊறிய மணல், வெறுங்கால், 230 வோல்ட். போட் கரையேறுமோ என்னவோ, நாங்கள் மேலேறிவிடுவோம். வீட்டில் பேட்டரியை வைத்துக்கொண்டு நூறு மீட்டர் ஒயர் இழுக்கலாம் என்றான் இன்னொருவன். எஞ்சின், வலையோடு போட் ஒரு டன் வரும். மணலில் அதை நகர்த்த அரை டன் இழுவை வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மீட்டர் போனாலும் மோட்டார் ஏறத்தாழ ஒரு கிலோவாட் தின்னும். 12 வோல்ட்டில் அது 80 ஆம்பியருக்கு மேல். வீட்டு ஒயரிங் கம்பியில் அத்தனை ஆம்பியரை அந்தத் தூரம் அனுப்ப, கம்பிக்கு மட்டுமே நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நிவாரணத் தொகை மாதிரி, ஆள் கைக்கு வந்து சேராது. ஆகவே பேட்டரி விஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேபிளும் விரல் தடிமன்.

முறையாக மின் இணைப்பு வாங்கினால் என்ன? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது கடலூரில் மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. போட்டை அவசரமாக மேட்டுக்கு இழுக்கிற நாளும் கரண்ட் போகிற நாளும் ஒன்றுதான்.

கணக்கு என்னவோ தங்கம். முப்பது மீட்டர் இழுக்க ஐந்து நிமிடம், ஏழு ஆம்பியர்-அவர். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலே பத்துப் போட் ஏறும். நடுவில் ஒரு கப்பி போட்டால் ஆம்பியர் பாதியாகும், நேரம் இரட்டிப்பாகும். பேட்டரிக்கு லாபமில்லை, மோட்டாருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒரே இடைஞ்சல், அந்தப் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல். வீட்டிலிருந்து தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். அவர்களுக்கு டீ, வடை.

இன்னொரு இடைஞ்சல் அக்கா. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் விடியவிடிய ஓடிய மறுநாள், சுவிட்சை அழுத்தினால் விஞ்சு ‘டிக்’ என்கிறது, அவ்வளவுதான். மச்சான் வீட்டுக்கு வந்து கத்தினார். அக்கா நிதானமாக மீன் அரிந்துகொண்டே கேட்டாள்:

“போட்டுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்குன்னு பிரிக்கிறீங்கல்ல? என் பேட்டரி பங்கு எங்கே?”

மச்சான் இப்போது சோலார் பேனல் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.