தாலாட்டும் சுப்ரபாதமும்

(குடலிறக்க சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விற்பனைத் துறையில் உத்தியோகம் பார்க்கும் மருமகன், ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் புட்டியுமாக வருகிறான்.)

மருமகன்: இரவெல்லாம் கண் மூடவில்லையாமே, மாமா? இதைச் சுடச்சுடப் பாலில் கலந்து குடியுங்கள்.

ஆசிரியர்: அப்பனே, பரீட்சைக் காலத்தில் உன் பிள்ளை தூங்கி விழாமல் படிக்கவேண்டுமென்று உன் மனையாள் இரண்டு வேளையும் கலந்து கொடுக்கிற அதே மாவைத் தூக்கம் வராத கிழவனுக்கும் நீ சிபாரிசு செய்வாயாகில், இதன் குணம் மாவில் இருக்கிறதா, குடிப்பவனுடைய பூர்வ கர்மத்தில் இருக்கிறதா?

மருமகன்: லேபிளில் இருக்கிறது, மாமா. இங்கிலாந்திலிருந்து போன ஹார்லிக் சகோதரர்கள் 1873-இல் சிகாகோவில் தொழில் தொடங்கியபோது இது பச்சைக் குழந்தைக்கும் நோயாளிக்குமான ஆகாரம். 1930-களில் பிரிட்டனில் விளம்பரக்காரர்கள் ‘இரவுப் பட்டினி’ என்று ஒரு வியாதியைச் சிருஷ்டித்தார்கள். படுக்குமுன் ஒரு கோப்பை என்பது அங்கே சம்பிரதாயமாகிவிட்டது. இங்கே பிள்ளைகள் வளர்வதற்கு.

ஆசிரியர்: வியாதியையேவா! பிரம்மதேவனுக்கும் தோன்றாத யுக்தி. ஆயினும், அதே கோதுமையும் பார்லியும் பாலும், சமுத்திரத்தைத் தாண்டிய மாத்திரத்தில் தாலாட்டை மறந்து சுப்ரபாதம் பாடத் தொடங்குகிற ரகசியத்தைச் சீமைக்காரன் அறிவானா?

மருமகன்: ஒருமுறை அறிந்துவிட்டான். குடித்தால் உயரமும் பலமும் கூர்மையும் உண்டாகும் என்று வங்கதேசத்துக்காக எடுத்த விளம்பரம், 2008-இல் பிரிட்டனில் தெரிகிற ஒரு நேபாளத் தொலைக்காட்சியில் தவறுதலாக ஓடிவிட்டது. ஆதாரம் போதவில்லை என்று அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு ஆணையம் தடுத்துவிட்டது. அந்த ஊருக்கென்று எடுத்ததே அல்ல என்பது கம்பெனியின் சமாதானம்.

ஆசிரியர்: ஆகவே டாக்காவில் கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை, லண்டனில் போய் இறங்கினால் கொட்டாவி விடுவான்!

மருமகன்: கேலி செய்யாதீர்கள் மாமா. எந்தத் தாயாவது பிள்ளைக்குத் தூக்கத்தைக் காசு கொடுத்து வாங்குவாளா? மார்க்கைத்தான் வாங்குவாள்.

ஆசிரியர்: வாஸ்தவம். அந்த அலமாரியைத் திற. ஐந்து நாளில் நான்கு புட்டி சேர்ந்திருக்கிறது. நோயாளியை வெறுங்கையோடு பார்க்கலாகாது என்ற ஆசாரத்தை அனுஷ்டித்தவர்களில் ஒருவரேனும் எனக்கு வேண்டுவது பசியா, தூக்கமா, வளர்ச்சியா என்று விசாரித்ததில்லை.

மருமகன்: அத்தை என்ன சொல்கிறார்கள்?

ஆசிரியர்: அவளுக்கு லேபிள் படிக்கிற வழக்கமில்லை. முதல் புட்டி வந்த அன்றே மூடியைத் திருகி, உள்ளே கை விட்டுப் பார்த்தாள். வாய் அகலம், ஆவக்காய்க்கு ஆகும் என்றாள்.