மரையைத் தேடுபவர் எந்த மலைக்குப் போவது? (கேள்வி-பதில்)

கேள்வி: கண்டி மலைகளில் எல்க் மான் இருந்ததாக ஆங்கிலேயர் எழுதிய பழைய வேட்டை நூல்கள் கூறுகின்றன. அமெரிக்க எல்க் இங்கே எப்படி வந்து சேர்ந்தது? (கண்டி)

பதில்: அது வரவே இல்லை. வட அமெரிக்க மலைகளில் பெருங்கூட்டமாக மேயும் எல்க் ஒரு தனி மானினம்; மலைநாட்டில் குடியேறிய ஆங்கிலேயர் அந்தப் பெயரைச் சூட்டியது இங்குள்ள மரைக்கு, அதாவது தமிழ்நாட்டார் கடமான் என்றும் மிளா என்றும் அழைக்கும் மானுக்கு. இலங்கையின் மானினங்களுள் மிகப் பெரியது மரைதான். நன்கு வளர்ந்த ஆண் மரை 200 கிலோவையும் தாண்டும். அதன் கொம்பு ஒவ்வொன்றும் மூன்று கிளையாகப் பிரிந்திருக்கும். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஒரு புல்வெளி இன்றும் எல்க் பிளெயின்ஸ் என்றே வழங்குவதால், ஆங்கிலேயர் போன பின்னும் அந்தப் பெயர் நிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அந்தக் காலத்து வேட்டைக்காரர் இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தனர்? கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலே மான் விழுந்திருக்கும் அல்லவா? (பேராதனை)

பதில்: கண்ணை மூடிக்கொண்டவருக்கு அட்டைக் கடிதான் மிஞ்சியிருக்கும். மரை பெரும்பாலும் இரவில் மேய்வது, தனியாகவோ சிறு குழுவாகவோ திரிவது, மோப்பமும் செவியும் மிகக் கூர்மையாக உடையது. பகலில் அடர்காட்டுக்குள் படுத்துவிட்டால் பத்து அடி தொலைவில் இருப்பவருக்கும் தென்படாது. ஆகவே மலைநாட்டு வேட்டைக்காரர் மரையைத் தேடுவதற்கு முன் நிலத்தைத்தான் படித்தனர்.

இதற்கு மிகத் தெளிவான சான்று சாமுவேல் பேக்கரின் வேட்டை வாழ்க்கை. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிய ஆப்பிரிக்கப் பயணங்களால் உலகறிந்த பேக்கர், 1848 இல் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை அங்கே வாழ்ந்தார். நாய்க் கூட்டத்தை ஏவி மரையைத் துரத்துவதும், நாய்கள் மடக்கிய விலங்கை நெருங்கிச் சென்று கத்தியால் கொல்வதும் அவர் கைக்கொண்ட முறை. துரத்தப்பட்ட மரை இறுதியில் ஓடைக்குள் இறங்கி, ஆழமான மடுவில் நின்றுகொண்டு முன்கால்களாலும் கொம்பாலும் நாய்களை எதிர்க்கும் இயல்புடையதாகையால், நீரோட்டம் எந்தப் பள்ளத்தாக்கில் எப்படித் திரும்புகிறது என்பதை அறிந்தவருக்கே வேட்டை கைகூடியது. மரை இரவில் மேய்வதற்குப் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியும், பகலில் ஒளிவதற்குக் காடும், தண்ணீருக்கு ஓடையும் தேடுகிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் விளிம்பே வேட்டைக்காரர் தேடிய இடம். அப்படிப்பட்ட விளிம்புகள் நிறைந்த ஹோர்ட்டன் சமவெளிக்கு, அதாவது சிங்கள மக்கள் மஹா எலிய என்று அழைத்த மேட்டுநிலத்துக்கு, பேக்கர் நுவரெலியாவிலிருந்து கூடாரத்துடன் சென்றார். அங்குள்ள அருவி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய நில அறிவு போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஓர் உயிர் எங்கே தஞ்சம் புகும் என்பதை அத்தனை நுட்பமாக அறிந்தவர், அந்தத் தஞ்சத்தைக் குலைப்பதற்கே அறிவைச் செலவிட்டார் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

கேள்வி: நுவரெலியா வரை எதற்கு? கண்டியைச் சுற்றியே காடு இருந்ததே, அங்கிருந்த மரைகள் எங்கே போயின? (தெல்தோட்டை)

பதில்: கேள்வி வந்த ஊரிலேயே விடையும் இருக்கிறது. இன்று தெல்தோட்டையிலும் ஹந்தானையிலும் தும்பறையிலும் தேயிலை நிற்கும் சரிவுகள் பலவற்றில் 1820களுக்கு முன் காடு நின்றது. 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன பின், கொழும்பிலிருந்து பாதை வந்தது. பாதை வழியே கோப்பி வந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், தனியுரிமைக்குச் சான்று காட்டப்படாத காட்டையும் தரிசையும் சேனைப் பயிர்நிலத்தையும் முடிக்குரியவை என்று கொள்ள வழிசெய்ததால், கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக விறகுக்கும் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் நம்பியிருந்த நிலம் தோட்டத்துரைமாருக்கு விற்பனையாயிற்று. தமிழகத்திலிருந்து மாத்தளைப் பாதை வழியே நடந்தே வந்து, வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தவர் போக எஞ்சிய தொழிலாளர், அந்தக் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டனர். 1869 இல் கோப்பி இலைநோய் தலைகாட்டிய பிறகு, ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் தொடங்கிவைத்த தேயிலை அந்த இடங்களை நிரப்பியது.

மரையை முதலில் விரட்டியது துப்பாக்கி அன்று, கோடரி. மேய்ச்சல் நிலமும் மறைவிடமும் ஒன்றையொன்று தொடும் விளிம்பு அழிந்த மலையில், ஒரு குண்டும் வெடிக்காவிட்டாலும் மரை நிலைக்காது. உயரமான மலைகள் தப்பியதற்குக் காரணமும் வரலாற்றில் உண்டு. 1873 இல் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாமல் விடவேண்டும் என்று அறிவுறுத்தினார். நீரூற்றையும் மழையையும் காக்கும் பொருட்டு எழுந்த அந்த ஆலோசனையின் பயனாக நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேல்பகுதி காலநிலைக் காப்புக்காடாயிற்று. மரையைக் காப்பது எவர் நோக்கமாகவும் இருக்கவில்லை. தண்ணீருக்காகக் காத்த காட்டில் மரையும் உயிர்தப்பியது.

கேள்வி: அமெரிக்காவில் அரச நிலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பருவத்தில் எல்க் வேட்டைக்கு இறங்குகிறார்களாமே! அத்தனை பேருக்கு நடுவில் இடம் பிடிப்பது எப்படி? தைப்பொங்கலுக்கு முதல்நாள் கண்டிச் சந்தையில் கரும்பு வாங்குவது போலவா? (அக்குறணை)

பதில்: நெரிசல் அப்படித்தான், ஆனால் கரும்பு ஓடி ஒளியாது, எல்க் ஒளியும். அங்கே மத்திய அரசின் வனத்துறையும் நிலமேலாண்மைப் பணியகமும் நிர்வகிக்கும் பரந்த நிலங்களில் அனுமதிச்சீட்டு பெற்ற எவரும் வேட்டையாடலாம். எல்க் தொகை மிகுந்த கொலராடோ போன்ற மாநிலங்களில் பருவம் தொடங்கியதும் பாதையோரமெல்லாம் வாகனங்கள் நிற்கும். ஓர் இடத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை பேர் எவ்வளவு நேரம் விலங்கைத் தேடித் திரிகிறார்கள் என்பதை வேட்டை அழுத்தம் என்பர். அழுத்தம் ஏறிய சில நாள்களிலேயே எல்க் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறது: பகல் மேய்ச்சலை விட்டு இரவுக்கு மாறுகிறது, திறந்த வெளியை விட்டு வடக்கு நோக்கிய சரிவுகளின் இருண்ட ஊசியிலைக் காட்டுக்குள் புகுகிறது, சில சமயம் வேட்டைக்கு இடமளிக்காத தனியார் பண்ணைக்கே இடம்பெயர்ந்துவிடுகிறது. ஓரிகன் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் 1989 முதல் நடந்துவரும் ஆய்வுகள், வாகனம் ஓடும் பாதையை விட்டு எல்க் விலகியே நிற்க முயல்வதைக் காட்டியிருக்கின்றன.

ஆகவே அனுபவமுள்ள வேட்டைக்காரர் வரைபடத்தில் முதலில் தேடுவது எல்க் இருக்கும் இடத்தையன்று, மனிதர் போகாத இடத்தை. பாதையிலிருந்து வெகுதொலைவு நடந்து, செங்குத்தான சரிவைக் கடந்து சென்றாலன்றி எட்டாத பள்ளம் ஒன்று அப்படிப்பட்டது. வாகனத் தரிப்பிடத்துக்கு மிக அருகில் இருப்பதாலேயே எல்லாரும் கடந்துபோகும் சிறு புதர்க்காடு இன்னொன்று. அத்துடன் காற்றின் திசை, இரவு மேய்ச்சலுக்கும் பகல் ஓய்வுக்கும் இடைப்பட்ட தடம், மற்ற வேட்டைக்காரர் விடியற்காலையில் எந்தப் பக்கமிருந்து ஏறுவர், அவர்களுக்கு அஞ்சிய கூட்டம் எந்தப் பக்கம் இறங்கும் என்பனவற்றையும் அவர் கணக்கிடுகிறார். இந்தக் கணக்கில் விலங்கைப் பற்றிய அறிவு பாதி, மனிதரைப் பற்றிய அறிவு பாதி.

இந்த அறிவை நக்கிள்ஸுக்குக் கொண்டுவந்தால் ஒரு பெரிய வேறுபாடு கண்ணில் படும். கொலராடோவின் எல்க்குக்கு ஒரு மலை போனால் அடுத்த மலை உண்டு. நக்கிள்ஸ் மரைக்கு மேற்கிலும் தெற்கிலும் தேயிலைத் தோட்டம், கீழே வயலும் ஊரும், தெற்கிலும் தென்கிழக்கிலும் மகாவலியின் நீர்த்தேக்கங்கள். மனிதர் போகாத இடம் என்று அங்கே எஞ்சியிருப்பது மிகச் சிறிது. மனிதர் எட்டாத அந்த மூலையைக் கண்டுபிடிப்பது திறமைதான் என்றாலும், கண்டுபிடித்த பின் அதற்குள் நுழையாதிருப்பதே இங்கே முறை.

கேள்வி: ஒரே ஒரு மரை. அனுமதிப்பத்திரம் எந்தக் கந்தோரில் கிடைக்கும்? (கம்பளை)

பதில்: எந்தக் கந்தோரிலும் கிடைக்காது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரையைக் கொல்வதும் அதன் இறைச்சியை விற்பதும் குற்றம்.

கேள்வி: வேட்டைக்காரர்களே வனவிலங்கைக் காத்தார்கள் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். உண்மையா? (மாத்தளை)

பதில்: தொடக்கம் அப்படித்தான். 1894 இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியரும் இருந்தனர். சுடுவதற்கு விலங்கே மிஞ்சாமல் போய்விடும் என்ற அச்சம் அவர்களைக் கூட்டியது. அந்தச் சங்கமே இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம். யால காட்டின் ஒரு பகுதி, இலங்கையில் வசித்த வேட்டைக்காரருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்து, 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னரே தேசிய பூங்காவாக மலர்ந்தது. எனினும் நண்பர் ஒன்றை மறக்கிறார்: துரைமார் விளையாட்டாகச் சுட்டபோது அது வேட்டையாகவும், சேனைக்காரர் வயிற்றுக்காகச் சுட்டபோது அது திருட்டாகவும் எழுதப்பட்டது. காப்பின் வரலாற்றில் இந்த அநீதியும் சேர்ந்தே இருக்கிறது. காடு காக்கும் பணியில் இன்றும் கிராமத்தவர் சிலர் மனமொன்றாமல் நிற்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

கேள்வி: துப்பாக்கி வேண்டாம், பிள்ளைகளுக்கு மரையைக் காட்டினால் போதும். கண்டியிலிருந்து எந்த இடம் சரி? (கட்டுகஸ்தோட்டை)

பதில்: நகருக்குள்ளேயே இருக்கும் உடவத்தகெலே மன்னர் காலத்தில் பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட காடாக இருந்து, 1938 இல் சரணாலயமாயிற்று. 104 ஹெக்டேர் அளவுள்ள அந்தச் சோலை பறவைக்கும் குரங்குக்கும் போதும், மரைக்குப் போதாது. ஹந்தானைப் புல்மலை காற்று வாங்க நல்லது. வாரஇறுதி நெரிசலில் அங்கே மரையை எதிர்பார்ப்பது வீண்.

பிள்ளைகளுடன் போவதற்கு ஹோர்ட்டன் சமவெளியே சரியான இடம். 3,160 ஹெக்டேர் பரப்புடைய அந்த மேட்டுநிலம் 1988 இல் தேசிய பூங்காவாகி, 2010 இல் நக்கிள்ஸுடனும் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அங்கே மரைகள் மனிதருக்குப் பழகிவிட்டதால், விடியற்காலையிலும் அந்தியிலும் நுழைவாயிலுக்கும் ஃபார் இன் கட்டடத்துக்கும் அருகிலுள்ள புல்வெளியிலேயே நின்று மேயும். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறக்கூடுமாகையால் வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. ஆனால் மனிதருடனான அந்தப் பழக்கம் மரைக்கு நன்மையன்று. பயணிகள் நீட்டும் பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் கழுத்தை நீட்டும் மரை, பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கும். மேய்ச்சலை மறந்து வாகனத் தரிப்பிடத்தில் காத்துக் கிடக்கும். உணவு கொடுப்பது தடை என்பதைப் பெற்றோர் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிச்செல்வது நல்லது.

நக்கிள்ஸுக்குப் போகிறவர், ஹுன்னஸ்கிரியவிலிருந்து டீன்ஸ்டன் பக்கமாகவோ, மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தனை பக்கமாகவோ ஏறி, வனத் திணைக்களம் திறந்துவிட்ட பாதையில் மட்டும் நடப்பது முறை. அங்கே மரை நேரில் தென்படுவது அரிது. அதன் குளம்புத் தடம், சேற்றில் புரண்ட குழி, ஆண் மரை கொம்பைத் தேய்த்துப் பட்டையுரித்த மரம், ஆபத்தை உணர்ந்ததும் எழுப்பும் உரத்த ஒற்றைக் குரல் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் வருவதே பெரும்பேறு. கண்ணில் படாத மரை, தன் காடு இன்னும் காடாகவே இருக்கிறது என்று அறிவிக்கிறது; தரிப்பிடத்தில் பாண் கேட்கும் மரையைவிட அந்த அறிவிப்பே மகிழ்ச்சி தருவது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். அதில் மரை விழுந்தால் யார் பொறுப்பு? (ரங்கலை)

பதில்: சுருக்குக் கம்பிக்குப் பன்றி எது, மரை எது, சிறுத்தை எது என்று தெரியாது, வைத்தவருக்குத் தெரியும், ஆகவே பொறுப்பு அவருடையதே. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிகிச்சை பலிக்காமல் இறந்தது. மலைநாட்டுச் சிறுத்தைக்கு மரை முக்கிய இரையாகையால், மரை போகும் தடத்தில் வைக்கப்படும் கம்பி அதைப் பின்தொடரும் சிறுத்தைக்கும் வைக்கப்படும் கம்பியே. பன்றியால் மரக்கறித் தோட்டத்தை இழக்கும் குடும்பத்தின் துயரம் மெய்யானது. லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி மண்ணை நம்பி வாழ்பவருக்கு ஓர் இரவின் அழிவு ஒரு மாதத்துச் சாப்பாடு. அந்த இழப்புக்கு ஈடு கேட்பதும், வலுவான வேலி கேட்டுத் தோட்ட நிர்வாகத்தையும் பிரதேச செயலகத்தையும் நெருக்குவதும் அவர்களுடைய உரிமை. ஆனால் கம்பியைக் கண்டவர் தாமே அவிழ்க்க முயலாமல், உயிருடன் சிக்கிய விலங்கை நெருங்காமல், கூட்டம் சேரவிடாமல், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.