நெல்லுக்கு நீச்சல் தெரியும்

செஞ்சிக்குக் கடல் கிடையாது என்கிறது புவியியல் புத்தகம். 2024 டிசம்பர் 1 ஆம் தேதி காலையில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது வயல் பக்கம் வந்திருக்க வேண்டும். முந்தின இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியிருந்தது. நமக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டத்துச் சம்பா நெல் தண்ணீருக்கடியில் கிடந்தது.

கிடந்தால் என்ன? நெல்லுக்குத் தண்ணீர் பிடிக்குமே! இதை நான் சொல்லவில்லை, டெல்லி சொன்னது. 2016 இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளை 2018 இல் திருத்தினார்கள். தனி ஒருவர் வயல் வெள்ளத்தில் மூழ்கினால், அந்த வயலை மட்டும் பார்வையிட்டு இழப்பீடு தரும் பிரிவிலிருந்து நெல்லையும் கரும்பையும் சணலையும் வெளியே தள்ளினார்கள். நீர் விரும்பும் பயிர்களாம். மூழ்கிய பயிரின் சேதத்தை அளப்பது கஷ்டம், விவசாயி ஏமாற்றவும் இடமிருக்கிறது என்பது கூடுதல் காரணம். அதாவது செஞ்சிக்காரன் நடுராத்திரி எழுந்து, டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகப் போய், சங்கராபரணி ஆற்றைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டு, விடிந்ததும் பாஸ்புக்கோடு வந்து நிற்பான். கடன் வாங்கி நட்ட நாற்றைக் கொல்ல அவனுக்கு அவ்வளவு ஆசை!

சரி, ஊரே மூழ்கினால்? அதற்கு வழி இருக்கிறது: சராசரி. கிராமத்தில் நான்கு இடத்தில், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து எடை போடுவார்கள். மொத்தம் இரண்டரை சென்ட் நிலம். அந்த இரண்டரை சென்ட்தான் ஊரின் தலையெழுத்து. மேட்டு வயலில் கயிறு பிடித்துவிட்டால் பள்ளத்து வயல்காரனும் அமோகமாக அறுத்தவன் ஆகிவிடுவான், காகிதத்தில். வயலில் அறுத்துக் காயப்போட்ட கதிருக்கு 14 நாள் பாதுகாப்பு உண்டு. அதை அடித்து மூட்டை கட்டி, ‘கமிட்டி’ என்று நாம் சொல்கிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துத் திறந்த களத்தில் இறக்கினால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. அங்கே நனைகிற நெல் யாருடைய பொறுப்பு என்று கேளுங்கள், எல்லோரும் வானத்தைக் காட்டுவார்கள்.

பேசாமல் நெல்லைப் படகு என்று பதிவு செய்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இரண்டும் தண்ணீரில் நிற்கிறவைதானே. இதே மாவட்டத்து மரக்காணம் கடற்கரையில் படகுகள் இருக்கின்றன. ஆனால் 1963 ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தைப் புரட்டியதும் ஆசை அடங்கியது. பாலிசியில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் இல்லை. சாதாரண ஒழுகலுக்கு இல்லை. எலி கடித்தால் இல்லை. பொருளின் பிறவிக் குணத்தால் வரும் நஷ்டத்துக்கும் இல்லை. ‘கடல் ஆபத்து’ என்பதில் காற்றும் அலையும் வழக்கமாகச் செய்கிற வேலை சேராது என்று பொழிப்புரை வேறு. கடலில் காற்றும் அலையும் வராமல் மணல் லாரியா வரும்? மீனவருக்குப் பிறவிக் குணம், நமக்கு நீர் விருப்பம். எழுதிய பேனா ஒன்றுதான்.

‘நல்ல கம்பெனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், விதிவிலக்குகளைக் கவனமாகப் படியுங்கள்’ என்று புத்தி சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு. பயிர்க் காப்பீட்டில் மாவட்டங்களைத் தொகுப்புகளாகப் பிரித்து, டெண்டர் விட்டு, கம்பெனியை அரசு முடிவு செய்கிறது. நாம் காப்பீட்டுத் தொகையில் காரிஃப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம் கட்டுகிறோம். மிச்ச பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் நம் வரிப்பணத்திலிருந்து கட்டுகின்றன. இரண்டு பையிலிருந்தும் கொடுக்கிறவனுக்குக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் கிடையாது. கல்யாணத்துக்கு மொய் எழுதலாம், மாப்பிள்ளையைக் கேட்கக் கூடாது.

2025 நவம்பரில் டெல்லிக்கு ஞானம் பிறந்தது. நெல் வயல் மூழ்குவதும் காட்டு விலங்குகள் பயிரை அழிப்பதும் 2026 காரிஃப் முதல் காப்பீட்டுக்குள் வரும் என்று அறிவித்தார்கள். நெல்லுக்கு நீச்சல் தெரியாது என்று கண்டுபிடித்து விதியை அமலுக்குக் கொண்டுவர எட்டு வருஷம். முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690 இல் செஞ்சிக்கு வந்து 1698 இல் கோட்டையைப் பிடித்தான். அவனுக்கும் எட்டு வருஷம்தான். அவனை எதிர்த்து உள்ளே பீரங்கி இருந்தது. நெல்லை எதிர்த்து ஒரு வரி விதி.

இதற்கு நன்றி சொல்லி போஸ்டர் ஒட்டும் கூட்டம் சீக்கிரம் கிளம்பும். ஒட்டட்டும். இடையில் மூழ்கிய பருவங்களுக்கு முன்தேதியிட்டு யாரும் எதுவும் தரப்போவதில்லை. புது விதியிலும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் செயலியில், போட்டோவோடு, தெரிவிக்க வேண்டும். புயல் அடித்த ஊரில் கரண்டும் டவரும் அந்த 72 மணி நேரமும் எங்கே போயிருக்கும் என்பது ஃபெஞ்சலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே செஞ்சி வட்டத்து விவசாயிகளே, பிரீமியம் கட்டும்போது ரசீதை வாங்குங்கள். கம்பெனியின் பெயரைக் கேட்டு அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சோதனை அறுவடை எந்த நாள், எந்த வயல் என்று கிராம சபையில் கேளுங்கள். அன்று கூலி போனாலும் பரவாயில்லை, நாலு பேராகப் போய் வரப்பில் நின்று, கயிறு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.