பல் தெரியச் சிரி, வெளியே போ

பூட்டானைச் சுற்றிப் பார்க்க நம்மவர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். கட்டினால் மகிழ்ச்சி தரிசனம். உற்பத்தியை அளக்காமல் மகிழ்ச்சியை அளக்கும் ஒரே நாடு என்று நம் பத்திரிகைகள் உருகி உருகி எழுதியாயிற்று. கணக்கில் மகிழ்ச்சியைக் கூட்டச் சுலபமான வழி ஒன்று உண்டு. அழுகிறவனின் பெயரை அடித்துவிட வேண்டும்.

அதைத்தான் செய்தார்கள். தெற்குப் பூட்டானில் நேப்பாளி பேசும் லோட்சாம்பா மக்களிடம் 1988 கணக்கெடுப்பில் கேட்ட அத்தாட்சி, 1958-இல் அங்கே குடியிருந்ததற்கான வரி ரசீது. முப்பது வருஷத்துத் துண்டுச் சீட்டு! உங்கள் வீட்டுப் போன வருஷ மின்கட்டண ரசீதைத் தேடிப் பாருங்கள், பார்ப்போம். கிடைக்கவில்லையா? நீங்கள் வந்தேறி.

உடையை மாற்று என்றார்கள். பள்ளியில் நேப்பாளிப் பாடத்தை நிறுத்தினார்கள். 1990-இல் இதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் பட்டாளம் வீடு தேடி வந்து பிடித்தது. பிறகு வந்தது படிவம்: ‘நான் விரும்பியே வெளியேறுகிறேன்.’ கையெழுத்து வாங்கினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பல் தெரியச் சிரிக்கச் சொன்னார்கள் என்று நேப்பாளத்தின் அகதி முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டையும் ஏலக்காய்த் தோட்டத்தையும் பறிகொடுத்தவன் சிரித்தபடி கிளம்பினால்தானே அது மகிழ்ச்சி ராஜ்யம்! நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இப்படி ‘விரும்பி’ வெளியேறினார்கள்.

பூட்டானுக்கும் நேப்பாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. நடுவில் இருப்பது நாம். அவர்களை லாரியில் ஏற்றி நேப்பாள எல்லைக்குக் கொண்டுபோய்த் தள்ளியபோது பாரத தேசத்துச் சாலைகளில் ஒரு தடையும் இல்லை. 1996-இல் அதே மக்கள் ஊர் திரும்ப நடந்தார்கள். நேப்பாள எல்லையில், மெச்சி ஆற்றுப் பாலத்தில் நம் போலீஸ் நின்றது. 2007-இல் மறுபடி முயன்றபோது துப்பாக்கி வெடித்தது. டெல்லியைக் கேட்டால், அது அந்த இரண்டு நாடுகளின் விவகாரமாம். பாலம் மட்டும் நம்முடையது. அதுவும் ஒருவழிப் பாதை.

நிரந்தரத் தீர்வுக்காக இரு நாட்டு அமைச்சர்களும் 2003 வரை பதினைந்து சுற்றுப் பேசினார்கள். கல்யாணப் பேச்சுகூட இத்தனை சுற்றுப் போகாது. கடைசியில் ஏழு முகாம்களில் ஒன்றை மட்டும் சரிபார்த்தார்கள். உண்மையாகவே விரட்டப்பட்ட பூட்டானியர் என்று தேறியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. எழுபது பேர் தாமாகக் கிளம்பியவர்களாம். அந்தப் புகைப்படங்கள் வீண் போகவில்லை.

ஒருவரும் ஊர் திரும்பவில்லை. 2007-க்குப் பிறகு எட்டு மேலை நாடுகள் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரை வாங்கிக்கொண்டன. பெரும்பங்கு அமெரிக்காவுக்கு. உலகமே கைதட்டியது. விரட்டியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பானேன்? 2012-இல் அவன் யோசனைப்படிதான் ஐ.நா. மார்ச் 20-ஐ உலக மகிழ்ச்சி நாளாக அறிவித்தது.

2025 மார்ச்சில், அந்த நாள் கழிந்த கையோடு, குற்றவழக்கு, தண்டனை என்று காரணம் காட்டி அமெரிக்கா இவர்களில் சிலரைப் பூட்டானுக்கே விமானம் ஏற்றியது. பூட்டான் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளவில்லை. இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டது. அவர்கள் நம் நாட்டைக் கடந்து, வளர்ந்த முகாமைத் தேடி நேப்பாளம் போனார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே பாதை. நேப்பாளப் போலீஸ் கைது செய்தது. குற்றம்: சட்டவிரோதமாக எல்லை தாண்டியது.

அதே நேப்பாளத்தில்தான் சொந்தக் குடிமக்களிடம் லட்சக்கணக்கில் கறந்து, பூட்டான் அகதி என்று போலிக் காகிதம் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்புவதாக ஏமாற்றிய வழக்கு 2023-இல் வெடித்தது. முன்னாள் உள்துறை அமைச்சரும் முன்னாள் துணைப் பிரதமரும் கைதானார்கள். போலி அகதியின் காகிதம் அமைச்சர்கள் மட்டம் வரை போயிருக்கிறது. அசல் அகதியிடம் விசா எங்கே என்கிறார்கள்.