எட்டி உட்காருடா!

எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்தது 1988இல். தூர்தர்ஷனில் மகாபாரதம் தொடங்கிய வருடம். அன்றைக்குப் பொன்னமராவதியில் டி.வி. வாங்கப் போகிறவருக்கு எந்த அளவு என்ற குழப்பமே கிடையாது. 14 இஞ்ச், 20 இஞ்ச், அவ்வளவுதான். 14 வாங்கினால் கௌரவக் குறைச்சல். ஆகவே 20.

அப்பச்சி, அதாவது என் அப்பா, வாங்கியது கறுப்பு வெள்ளை டயனோரா. மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு. சாவி அப்பச்சியின் இடுப்பில். மாடியில் ஆன்டெனாவை மேற்கே திருப்பினால் கொடைக்கானல். அக்னி மூலைக்குத் திருப்பி, காற்றும் மனது வைத்தால், இலங்கை ரூபவாகினி.

எங்களுடையது கல்யாணப் பந்திக்காகக் கட்டிய செட்டிநாட்டு வீடு. பட்டாலைக் கூடத்தின் ஒரு கோடியில் டி.வி., மறு கோடி வரை ஜனம். திரையின் உயரமோ ஒரே ஒரு அடி. கடைசி வரிசைக்காரருக்கு அர்ஜுனனும் கர்ணனும் ஒரே ஆள்தான். சண்டை ஓய்ந்த பிறகு யார் செத்தது என்று முன்வரிசையில் விசாரித்துக்கொள்வார்.

பிள்ளைகளுக்கு மட்டும் எல்லைக்கோடு உண்டு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை எண்ணி, பன்னிரண்டாவது கல்லில் அப்பச்சி உட்கார வைப்பார். ஏறக்குறைய பத்தடி. ஒரு கல் முன்னால் நகர்ந்தால் தலையில் குட்டு. “எட்டி உட்காருடா, கண்ணு அவிஞ்சு போகும்!”

கண் அவியாது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் எட்டி உட்காரச் சொன்னதில் வேறொரு நியாயம் இருந்தது. அந்தக் காலத்துப் படம் 625 வரி. கிட்டே போனால் முகம் மறைந்து வரி தெரியும். திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தள்ளி உட்கார வேண்டும் என்பது ஒளிபரப்புப் பொறியாளர்கள் கணக்கு. ஓரடித் திரைக்கு ஆறடி. அப்பச்சி பாதுகாப்புக்காக நாலடி சேர்த்துக்கொண்டார்.

2006இல் தி.மு.க. அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. அதே 14 இஞ்ச். கௌரவக்காரர்கள் சிரித்தார்கள். அதன் திரை உயரம் எட்டு இஞ்ச் சொச்சம். ஆறால் பெருக்கினால் நாலடி. பத்துக்கு எட்டு ஓட்டு வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தால் சரியாக அந்தத் தூரம்தான் வரும். ஊரில் வீட்டுக்குப் பொருந்திய டி.வி. எது என்று கேட்டால், சிரித்தவர்கள் வீட்டில் இருந்தது அல்ல.

2025 செப்டம்பர் 22 முதல், 32 இஞ்சுக்கு மேற்பட்ட டி.வி.க்கும் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதம் ஆயிற்று. பெங்களூரில் இருக்கும் மகனுக்கு ஆத்தங்குடிக் கல் ஞாபகம் வந்துவிட்டது. “அப்பச்சி, ஊர் வீட்டுக்கு 55 இஞ்ச்!”

55 என்பது மூலைக்கு மூலை குறுக்கே அளப்பது. சர்வேயர் இப்படி அளந்து இடம் எழுதிக் கொடுத்தால் உதை விழும். நிஜத்தில் அகலம் நாலடி, உயரம் இரண்டேகால் அடி. இப்போதைய அகலத்திரையில் பழைய 20 இஞ்சின் உயரம் வேண்டுமானால் 24 இஞ்ச் வாங்கியாக வேண்டும்.

கடைப் பையன் கணக்கில் கெட்டிக்காரன். “எச்.டி.ன்னா உயரத்தைப் போல மூணு மடங்கு தள்ளி உட்காரணும் சார். இது 4கே, ஒன்றரை மடங்கு போதும்.” கணக்குப் போட்டேன். மூன்றரை அடிக்கும் குறைவு. அதற்கு மேல் தள்ளிப் போகப் போக, 4கேயின் 2160 வரிகளின் நுணுக்கம் கண்ணுக்குப் பிடிபடாது. ஆக, எந்த இடத்தில் உட்கார்ந்ததற்குக் குட்டு வாங்கினேனோ, அங்கே உட்கார்ந்தால்தான் கொடுத்த காசு செரிக்கும்.

சுவரில் மாட்ட என் ஆத்தா விடவில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த பூச்சு. துளை போட்டால் அடைக்கத் தெரிந்த கொத்தனார் இன்றைக்குக் கிடைக்கமாட்டார். பழைய டயனோரா இருந்த மேசை மேலேயே ஏற்றினோம். மகன் நாலாவது கல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

“எட்டி உட்காருடா!”

குரல் தூண் பக்கத்திலிருந்து வந்தது. மாமனார் மாமியார் முன்னால் உட்காரக் கூடாதென்று அந்தக் காலத்தில் ஆத்தா தூண் மறைவில் பூண்டு உரித்தபடி மகாபாரதம் பார்த்த இடம். இப்போது பட்டாலை முழுக்கக் காலி; நாற்காலியும் போட்டிருந்தேன். ஆத்தா வரவில்லை. சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, கை பூண்டு உரித்துக்கொண்டிருந்தது.

“அங்கேருந்து தெரியுதா ஆத்தா?”

“தெரிஞ்சு என்ன ஆகணும்? அவுக பேசுறது கேக்குதுல்ல.”