மான்செஸ்டரில் எனக்கு ஒரு சதுர அடிகூட இல்லை

மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தை இடித்துக் கட்ட பில்டர் வருகிறார் என்றால், சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் பேசுவதைவிட எதிர்வீட்டு வாடகைக்காரர் அதிகம் பேசுவார். அவருக்கு அந்த மனையில் யூ.டி.எஸ். என்கிற பிரிபடாத நிலப்பங்கு ஒரு சதுர அடிகூடக் கிடையாது. ஆனால் எந்த பில்டர் யோக்கியன், எவன் பாதியில் விட்டுவிட்டு ஓடுவான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கால்பந்து ரசிகனும் இந்த ஜாதிதான். கிளப்பில் அவனுக்குப் பங்கு கிடையாது; அதை யாருக்கு விற்கலாம் என்று மட்டும் ராத்திரி தூக்கம் வராது.

2022 நவம்பரில், மான்செஸ்டர் யுனைடெட்டை விற்றாலும் விற்போம் என்கிற மாதிரி ஓர் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து லஸ் கார்னர் பக்கம் நாங்கள் கூடும் காபிக் கடையில் வேறு பேச்சே இல்லை. நாங்கள் என்றால் தி.நகர் ஆடிட்டர் ஒருவர், பேங்கிலிருந்து ரிடையரான மாமா ஒருவர், நான், பிறகு அடையாறிலிருந்து வரும் அர்செனல் பையன். அவனை எதற்குச் சேர்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் யுனைடெட் தோற்ற மறுநாள் எல்லோருக்கும் காபி வாங்கித் தருபவன் அவன்தான். சமீப காலமாக அவனுக்குச் செலவு அதிகம்.

கிளப்பின் முதலாளிகளான கிளேசர் குடும்பத்தின் மேல் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஆடிட்டர்தான் மாமாவுக்கு விளக்கினார். 2005இல் மால்கம் கிளேசர் கிளப்பை ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு வாங்கினார். பெரும்பகுதி கடன். அந்தக் கடனைத் தூக்கி கிளப்பின் தலையிலேயே வைத்துவிட்டார்.

"அதாவது மாமா, உங்க ஃபிளாட்டை நான் வாங்கறேன். அதுக்கு லோன் வேணும். உங்க ஃபிளாட்டையே அடமானம் வெச்சு லோன் எடுக்கறேன். ஈ.எம்.ஐ. நீங்க கட்டறீங்க."

மாமா டபராவைக் கீழே வைத்தார். "இதை எந்த பிராஞ்ச் மேனேஜர்டா சாங்ஷன் பண்ணினான்?"

மான்செஸ்டர்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சிலர் அந்த வருடமே வெளியேறி எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். 2010இல் மற்றவர்கள், கிளப் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்துப் பச்சை, தங்க நிறத்தில் மஃப்ளர் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். பாண்டி பஜாரில் அந்தக் கலரைப் பார்த்தால் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டம் என்போம். அங்கே அது போராட்டம்.

2022 அறிவிப்புக்குப் பிறகு வாங்க வந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். கத்தாரின் ஷேக் ஜாசிம், கடனே இல்லாமல் முழுக் கிளப்பையும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். இனியோஸ் கெமிக்கல் கம்பெனி முதலாளி ஜிம் ராட்க்ளிஃப், நான் மான்செஸ்டர் பக்கத்துக்காரன், சின்ன வயதிலிருந்தே யுனைடெட் ரசிகன் என்றார். மாமா ஷேக் கட்சி: "ரொக்கம்டா! பூரா ஒயிட்!" ஆடிட்டர் ராட்க்ளிஃப் கட்சி: "லோக்கல் பார்ட்டி சார், நாளைக்குப் பிரச்சினைன்னா பிடிக்கலாம்." அர்செனல் பையன் மட்டும் மனித உரிமை, வளைகுடாப் பணம் என்று ஆரம்பித்தான். 2021இல் சவூதி அரேபியாவின் முதலீட்டு நிதி நியூகாசிலில் 80 சதவீதம் வாங்கியதைச் சொல்லி, கிளப்பெல்லாம் இப்படி நாடுகளின் கைக்குப் போகலாமா என்று பொங்கினான். "உங்க ஸ்டேடியத்துக்கு எந்த ஊர் ஏர்லைன்ஸ் பேருடா வெச்சிருக்கீங்க?" என்றார் மாமா. பையன் இன்னொரு காபி சொன்னான்.

கடைசி டெண்டர், அதற்கும் கடைசி டெண்டர் என்று பதினோரு மாதம் ஓடியது. 2023 அக்டோபரில் ஷேக் விலகிக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ராட்க்ளிஃப் கால் பங்கு வாங்குவதாக முடிவானது. முக்கால்வாசிப் பங்கு பழையபடி மற்றவர்களிடம். ஆனால் ஆட்டம் சம்பந்தமான நிர்வாகம் இவர் பொறுப்பு. வந்தவர் சிக்கனத்தில் இறங்கினார். ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள். இருந்தவர்களுக்கு ஓல்ட் ட்ராஃபோர்டில் கொடுத்துவந்த இலவச மதியச் சாப்பாடு நின்று, பழம் மட்டும் என்றானது. 2024-25 சீசனில் யுனைடெட் பதினைந்தாவது இடம். ஒரு மழை நாளில் ஓல்ட் ட்ராஃபோர்டின் கூரையிலிருந்து அருவி மாதிரி கொட்டியதை உலகமே பார்த்தது. 2025 மார்ச்சில், ஒரு லட்சம் பேர் உட்காரப் புது ஸ்டேடியம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். மொட்டைமாடி ஒழுகும்போது புதுக் கட்டடத்துக்கு கலர் பிளான் காட்டாத பில்டர் உண்டா?

"நம்மாள் யாராவது வாங்கினா நன்னா பார்த்துப்பான்" என்று மாமா ஒருநாள் ஆதங்கப்பட்டார். அதுவும் நடந்திருக்கிறது. 2010இல் புனேயின் வெங்கிஸ் கோழிக் கம்பெனி, பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. வந்த அடுத்த மாதமே மேனேஜரை நீக்கினார்கள். 2012 மே மாதம் பிளாக்பர்ன் பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய ராத்திரி, ரசிகர்கள் உயிருள்ள ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். நல்லவேளை, வாங்கியது சிமெண்ட் கம்பெனி இல்லை.

எங்கள் வீட்டில், ராத்திரி ஒன்றரை மணிக்கு டி.வி. சத்தம் கேட்டால் அம்மா எழுந்து வந்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "மான்செஸ்டர்ல உனக்கு யாருடா இருக்கா?"

நியாயமான கேள்வி. நம் ஊர் கிளப்புகளின் கதையைப் பாருங்கள். 2019இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி எஃப்.சி.யில், அதே வருடம் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதம் வாங்கியது. பெயர் சென்னை, மைதானம் கோயம்புத்தூர், பங்குதாரர் பாசெல்! இதைவிட ருசியான டேக்ஓவர் வேண்டுமா? எங்கள் காபிக் கடையில் யாரும் வாய் திறக்கவில்லை. சில வருடத்தில் ஐ-லீகில் அந்தக் கிளப்பையே காணோம். அதற்கும் திறக்கவில்லை.

அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குதாரர்களாக 2014இல் பிறந்த சென்னையின் எஃப்.சி., இரண்டு முறை ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியது. 2025இல் லீகை நடத்தும் ஒப்பந்தத்தில் இழுபறி வந்து சீசன் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஹைதராபாத் கிளப் கைமாறி டெல்லிக்கே குடிபோனது. மான்செஸ்டர் சிட்டியின் முதலாளிகள் மும்பை சிட்டியை விட்டு வெளியேறினார்கள். அப்போதும் சூப்பர் மச்சான்ஸ் மாதிரி ஒரு ரசிகர் கூட்டம் இந்த ஊர் கிளப்புக்காகக் கவலைப்பட்டது. கவலைப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. கேலரியில் தொண்டை கிழியக் கத்தியவர்கள்.

லஸ்ஸிலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு ஆட்டோவில் அரைமணி நேரம். கிளப்பை யார் வாங்கினால் நல்லது என்று பேச ஆசைப்படுகிறவர்கள், முதலில் ஒரு டிக்கெட் வாங்குங்கள். காலி கேலரியை எந்த ஷேக்கும் வாங்க மாட்டார்.